பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை

வெளியுறவு அமைச்சகம் இன்று கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கதவு தானாகத் திறக்கிறது, விளக்கு தானாக எரிகிறது, அறிக்கைகூடத் தானாக எழுதிக்கொள்ளும் என்கிறார்கள். ஓய்வு பெற்ற கமாவுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிதான் நினைவுக்கு வரும். கார்பன் தாள் வாசனை, மூன்று வேகம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றிய மின்விசிறி, இரண்டு மாடிக்கு நடுவில் நின்று யோசிக்கும் லிஃப்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, மேஜை மேல் ஆமை மாதிரி உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புத் தொலைபேசி.

கமா என்பது அவர் பெயரல்ல. அமைச்சகத்தின் அறிக்கைகளுக்கெல்லாம் காற்புள்ளி வைக்கிற வேலை அவருடையது என்பதால் வந்த பட்டம். கேலியாக வைத்ததுதான். ஆனால் வேலை கேலியானதல்ல. பக்கத்து நாட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால், அதைப் படிக்கிறவருக்கு ஏதோ சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், யோசித்துப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்குக் காற்புள்ளியை விட்டால் வேறு கதி கிடையாது.

பக்கத்து நாடு பெரிய நாடு. அதன் மாபெரும் தலைவரோடு கைகுலுக்க உலகத்தில் பாதிப் பேர் கூசினார்கள். எதிர்த்துப் பேசியவர்களை அவர் எங்கே அனுப்பினார் என்று கேட்டவர்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று பேச்சு. ஆனால் சிறிய நாட்டுக்கு மின்சாரம் அங்கிருந்து வந்தது, உப்பு அங்கிருந்து வந்தது, கோதுமை அங்கிருந்து வந்தது. இந்த மூன்றும் இல்லாமல் கொள்கையை மட்டும் தின்று உயிர் வாழ முடியுமா என்பதைச் சோதித்துப் பார்க்க யாரும் தயாராக இல்லை. உலக சபையில் பக்கத்து நாட்டைக் கண்டித்து வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் சிறிய நாட்டின் தூதர் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார். அவருக்கு சர்க்கரை வியாதி என்று நினைத்து மற்ற தூதர்கள் பரிதாபப்பட்டு மருந்தெல்லாம் சொன்னார்கள்.

காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடிப்பது என்பதுதான் அமைச்சகத்தின் கொள்கை. அதில் ஒரு காது மட்டும் கூடுதலாக இருந்தது. நாட்டின் தொலைபேசி நிலையத்தைப் பக்கத்து நாடு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்திருந்தது. திறப்பு விழாவில் கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டி, கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ரிசீவரை எடுத்தால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வதும் கேட்கத் தொடங்கின.

அமைச்சகத்தில் அவருக்கு இருமல்காரர் என்று பெயர். ஆரம்பத்தில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. டைப்பிஸ்ட் அக்கா பேசி முடித்து வைக்கும்போது, “சரிங்க, வைக்கிறேன். உங்களுக்கும்தான்” என்பாள். லைன் கரகரத்தால், “சார், ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் பாருங்க” என்று பொதுவாகச் சொன்னால் போதும், மறு நிமிடம் சரியாகிவிடும். தொலைபேசி இலாகாவுக்கு எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் ஆள் வராது.

வெளிப்படையாகப் பேச முடியாது என்று ஆனபின், அமைச்சகத்தின் செயலாளர் ஒரு ரகசியப் பாஷையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று மாலை அவர் நடையே மாறிவிட்டது. மாபெரும் தலைவர் இனிமேல் பெரியப்பா. அவருடைய தளபதிகள் பெரியப்பா பசங்க. நம் ஜனாதிபதி அப்பா. எல்லை, கொல்லைக் கதவு. பிரதம மந்திரிக்கு சித்தப்பா என்று வைத்ததில் அவருக்கு மனத்தாங்கல். ஒரு வாரம் கோப்பு எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

“பெரியப்பா கொல்லைக் கதவைச் சாத்திட்டார்” என்று ஒருவர் தொலைபேசியில் சொல்வார். “அப்பா என்ன சொல்றார்?” என்று இன்னொருவர் கேட்பார். “அப்பா எப்பவும்போல சும்மா இருக்கார்.” இந்தப் பாஷையை எந்த உளவுக்காரனாலும் உடைக்க முடியாது என்று செயலாளர் மார்தட்டிக்கொண்டார். இருமல்காரருக்கு அதை உடைக்க ஒரு மத்தியான நேரம் பிடித்திருக்கலாம். சாப்பாட்டு இடைவேளையைச் சேர்த்து.

இந்தக் கதை நடந்த வருஷம் எல்லை மூடியதற்குக் காரணம் ஒரு மூச்சு. மாபெரும் தலைவரின் பிறந்தநாள் செய்தியை நம் வானொலியில் வாசித்தவர், அவருடைய பட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, மூச்சு முட்டி, ‘மலைகளின் நண்பர்’ என்பதை விழுங்கிவிட்டார். மறுநாள் கதவு சாத்தப்பட்டது. அதற்கு மறுநாள் மின்சாரம் போனது. உப்பு கடைகளில் பதுங்கியது. வானொலிக்காரர் மருத்துவ விடுப்பில் போனார், நிஜமாகவே மூச்சுத் திணறி.

அமைச்சகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடி விவாதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், கமாவின் சொந்தப் பெரியப்பா படுத்த படுக்கையானார்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில், ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். பெரியப்பா வாத்தியார் வேலை கிடைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் போனார், அங்கேயே தங்கிவிட்டார். போக்குவரத்து இருந்தது, பாசமும் இருந்தது. ஒரு நாள் அப்பா போனபோது கூடத்துச் சுவரில் மாபெரும் தலைவரின் படம் மாட்டியிருந்தது.

“என்ன அண்ணா இது?”

“படம்டா.”

“அது தெரியுது. இதை எடு. இவன் இருக்கிற வீட்டுக்குள்ள நான் காலை வைக்க மாட்டேன்.”

“எடுத்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்டா. புரியுதா உனக்கு?”

அப்பாவுக்குப் புரியவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் பார்த்த ஆள் அவர். முள் காட்டுவதைத்தான் எழுதுவார், அதில் நெளிவு சுளிவு கிடையாது. வாசலோடு திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு அண்ணன் பேச்சையே எடுக்கவில்லை. வருஷங்கள் ஓடின. கமா அமைச்சகத்தில் சேர்ந்து அதே மாபெரும் தலைவருக்குக் காற்புள்ளி போட்டு வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடும்போது மட்டும் சில நாள், “உப்பு யார் வீட்டு உப்புடா?” என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவார்.

இப்போது, வேறொரு நாட்டில் இருந்த அத்தை தொலைபேசியில் அழுதாள். அண்ணனுக்கு முடியவில்லை, தம்பியைக் கேட்கிறாராம். அப்பா எழுந்தார். சலவைச் சட்டை போட்டார், ஷூ மாட்டினார், பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லை மூடியிருப்பதாக மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “உன் புருஷன் அங்கதானே வேலை பாக்கறான்? திறக்கச் சொல்லு” என்றார்.

கமாவின் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு அமைச்சகத்துக்குப் போன் போட்டாள். சாதாரண நாளில் அவள் மாமனாரை மாமா என்றுதான் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் அவர் ‘உங்கப்பா’ ஆகிவிடுவார். அன்று மட்டும் அவள் மாமா என்று சொல்லியிருந்தால் இரண்டு நாட்டுச் சரித்திரமும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

“என்னங்க, பெரியப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். டாக்டர் கையை விரிச்சுட்டாராம்.”

க்ளிக் என்றது.

“பசங்க இப்பவே ஆளுக்கொரு ரூமைப் பூட்டி சாவியை எடுத்து வச்சுக்கிட்டாங்களாம். உசிரு இருக்கும்போதே இப்படி. உங்கப்பா என்னடான்னா உடனே போய்ப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். பழைய சண்டையெல்லாம் மறந்தாச்சாம். நான் என்ன செய்யட்டும்?”

வழக்கமான இருமல் அன்று வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தடாலென்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கமாவுக்கு இருந்த கவலையில் அதை அவர் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை பக்கத்து நாட்டுத் தூதர் முன்னறிவிப்பு இல்லாமல் செயலாளரின் அறைக்கு வந்தார். குறிப்பெடுக்க கமாவும் உள்ளே இருந்தார்.

“எங்கள் மாபெரும் தலைவர் நேற்றுக் காலை குதிரை ஏறினார்” என்றார் தூதர்.

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது கண்ணை மூடி மெல்லத் தலையாட்டுவது அவர் வழக்கம். அந்தத் தலையாட்டலால்தான் அவர் பதவி உயர்வுகள் எல்லாம் வந்தன.

“மாலையில் நீந்தினார்.”

தலையாட்டல்.

“தளபதிகள் அனைவரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். யாரும் எதையும் பூட்டவில்லை.” தூதரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. “உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. பழையதை மறந்து நேரில் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஜனாதிபதியின் விருப்பத்தை எங்கள் தலைவர் வரவேற்கிறார். தலைவர் நலமாக இருப்பதை உலகமும் பார்க்கட்டும்.”

செயலாளர் கண்ணைத் திறந்து, “நாங்கள் எதிர்பார்த்ததுதான்” என்றார்.

அன்று சாயங்காலம் மின்சாரம் வந்தது. தெருவில் கூச்சல் போட்டுக் கொண்டாடினார்கள். வெளியுறவு மந்திரி பத்திரிகைக்காரர்களிடம், “நான் எடுத்த முயற்சி” என்றார். செயலாளர் மந்திரியைப் பார்த்துப் பணிவாகச் சிரித்த சிரிப்பில், அது யார் எடுத்த முயற்சி என்ற தகவல் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஜனாதிபதியும் மாபெரும் தலைவரும் சந்திப்பதாக முடிவாயிற்று. கதவு ஜனாதிபதிக்கும் அவர் குழுவுக்கும் மட்டும் திறக்கும்.

கமாவுக்கு மட்டும்தான் நடந்தது என்னவென்று தெரியும். அவர் செயலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், அது நிஜப் பெரியப்பா.”

“நிஜம்னா?”

“எங்கப்பாவோட கூடப் பிறந்த அண்ணன். அவருக்குத்தான் உடம்பு சரியில்ல. எங்கப்பாதான் பாக்கணும்னு சொன்னார். அவரையும் இந்தக் குழுவோட அனுப்பிடுங்க சார். ஒரு மணி நேரம் போதும்.”

செயலாளர் கண்ணை மூடினார். இந்த முறை புரிந்ததால் மூடினார்.

“இங்க பாருங்க, கமா. உங்கப்பா அங்க போய் ஒரு நோயாளியைப் பாத்தார்னு வையுங்க. அவங்களுக்கு விஷயம் வெளிச்சமாயிடும். ஒரு வாத்தியாருக்கு வந்த சீக்கைக் கேட்டு ஒரு தேசமே நடுங்கிச்சுன்னு தெரிஞ்சா அந்த அவமானத்தைத் தாங்குவாங்களா? உப்பு போச்சு. கரண்ட் போச்சு. என் பதவி... சரி, அதை விடுங்க.”

“அவர் பொழைக்க மாட்டார் சார்.”

“உங்க பெரியப்பா இனிமே ராஜாங்க ரகசியம். உங்கப்பா வாசப்படி தாண்டக் கூடாது.”

கமா தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். வீட்டில் அப்பா இன்னும் ஷூவோடுதான் இருந்தார். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். மின்சாரம் வந்ததும் மருமகளிடம், “கதவைத் திறந்துட்டான் போல. வண்டி எப்போ வரும்?” என்று கேட்டாராம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கமா ரிசீவரை எடுத்தார். எந்த எண்ணையும் சுழற்றவில்லை.

க்ளிக். இருமல்.

“சார், உங்ககிட்டதான் பேசணும்” என்றார் கமா.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

“என் மனைவி அன்னிக்குப் பேசினது எங்க சொந்தப் பெரியப்பாவைப் பத்தி. உங்க பெரியப்பாவைப் பத்தி இல்ல. உங்க ஊர்ல வாத்தியாரா இருந்தவர். எங்கப்பா அவரைப் பாக்க ஷூ போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்.”

கமா வைத்துவிடலாமா என்று நினைத்தபோது ஒரு குரல் வந்தது. இத்தனை வருஷம் இருமலாக மட்டுமே இருந்த மனிதரின் குரல் அவர் நினைத்ததைவிட மென்மையாக இருந்தது.

“ஐயா, இதை வேற எந்தப் போன்லயும் சொல்லிடாதீங்க. அந்தத் தகவலுக்கு எனக்குப் பதக்கம் குத்தியிருக்காங்க. பொய்னு தெரிஞ்சா குத்தற இடம் வேறயா இருக்கும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க.”

“நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்கப்பா...”

“நாற்காலியிலிருந்து விழுந்துட்டேன் ஐயா அன்னிக்கு. இடுப்பு இன்னும் வலிக்குது.” சற்று நிறுத்திக் கேட்டார்: “வாத்தியார் வீடு எந்தத் தெரு?”

கமா சொன்னார்.

“தபாலாபீஸ் பக்கத்துலயா? அவரா! எனக்கு இலக்கணம் எடுத்தவர் ஐயா அவர். ஒற்று எங்க மிகும்னு சொல்லிக் கொடுத்தார், நான் ஒற்றனாவே ஆயிட்டேன்.” இருமினார். “ஒண்ணு செய்யுங்க. நாளைக்குப் போன்ல உங்க ஆளுங்க யார்கிட்டயாவது பேசுங்க. பெரியப்பா தன் ஊர்லயே வயசான அண்ணன் தம்பி ரெண்டு பேரைச் சேத்து வச்சு போட்டோ எடுத்தா உலகமே கொண்டாடும், ஆனா அவருக்கு அந்த யோசனை வராதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் எழுதிக்கறேன்.”

“ரொம்ப நன்றி சார்.”

“இருங்க. அந்த டைப்பிஸ்ட் அம்மா தம்பிக்கு வேலை கிடைச்சுதா? நடுவுல நான் லீவு போட்டுட்டேன், கதை விட்டுப்போச்சு.”

கிடைத்துவிட்டது என்று கமா சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. இன்றைக்கு, ஓய்வு பெற்ற கமாவின் கையில் விலை உயர்ந்த செல்போன் இருக்கிறது. எவனாலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று விற்றவன் சத்தியம் செய்திருக்கிறான். எவனும் கேட்பதில்லைதான். மனைவிகூட, “ம்... ம்...” என்று பாதியில் வைத்துவிடுகிறாள். தன் வாழ்க்கையில் தான் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டவர் ஒருவர்தான் என்று கமாவுக்கு அவ்வப்போது தோன்றும்.

மறுநாள் டைப்பிஸ்ட் அக்காவைப் போனில் அழைத்து கமா பெரியப்பாவின் யோசனைக் குறைவைப் பற்றி வருத்தமாகப் பேசினார். அதற்கு அடுத்த நாள் தூதர் வந்துவிட்டார். எல்லையால் பிரிந்த இரு முதிய சகோதரர்களை ஒன்று சேர்க்க மாபெரும் தலைவருக்குத் தாமாகவே ஒரு யோசனை உதித்திருப்பதாகவும், அதற்கு ‘சகோதரத்துவச் சந்திப்பு’ என்று பெயர் சூட்டியிருப்பதாகவும் சொன்னார். அந்தப் பக்கத்து முதியவரை அவர்களே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு வாத்தியார். கொஞ்சம் உடம்பு முடியாதவர், அதனால் படம் உருக்கமாக வரும்.

செயலாளர் கமாவை ஒரு பார்வை பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தாலும் தூதர் எதிரில் முடியவில்லை. பக்கத்து நாடு கேட்டதற்கு இல்லை என்று சொல்கிற வார்த்தை அமைச்சகத்தில் புழக்கத்தில் இல்லை. “நாங்கள் எதிர்பார்த்ததுதான்” என்றார். ஒரு மாதம் கழித்து அதுவும் அவருடைய யோசனையாகிவிட்டது.

அப்பா ஜனாதிபதியின் வாகன வரிசையில் கடைசிக் காரில் போனார். கிளம்பும்போது யாரோ அவர் தோளில் ‘சகோதரத்துவம்’ என்று எழுதிய பட்டுத்துணியைக் குறுக்காக மாட்டிவிட்டார்கள். “இது எதுக்குடா? நான் அவனுக்குத் தம்பின்னு அவனுக்கே தெரியாதா?” என்றார். கமாவும் கூட இருந்தார், குறிப்பெடுக்கிறவராக.

பெரியப்பாவின் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் புது வெள்ளை அடித்திருந்தார்கள். பக்கச் சுவரில் பழைய பாசி அப்படியே இருந்தது. உள்ளே அதிகாரிகளும் புகைப்படக்காரர்களும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். சுவரில் பழைய படம் இல்லை. அதைவிட நாலு மடங்கு பெரிய படம் வந்திருந்தது. மாபெரும் தலைவர் குதிரைமேல் இருந்தார். குதிரையே மூச்சு வாங்குகிற மாதிரிப் பெரியது.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் திரும்பி நடந்தால் உப்பு, மின்சாரம், உச்சி மாநாடு எல்லாமே திரும்பி நடக்கும். அதைவிட, இந்தக் கதவுக்கு இனி இன்னொரு நாள் கிடையாது.

கட்டிலிலிருந்து பெரியப்பா தலையைத் தூக்கினார். எலும்பும் தோலுமாக இருந்தார்.

“படம் அங்கேயேதான்டா இருக்கு” என்றார். “பெருசா வேற ஆயிடுச்சு.”

அப்பா மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“எது? எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியலண்ணா. எங்க இருக்கே நீ?”

“இங்கதான்டா.”

கையால் துழாவிக்கொண்டு அப்பா உள்ளே நடந்தார். மீட்டர் முள்ளைத் தெருவிலிருந்தே படிக்கக்கூடிய அப்பா. ராஜதந்திரத்தில் தன் சர்வீஸ் முழுவதும் இவ்வளவு நேர்த்தியான ஒரு காற்புள்ளியைத் தான் வைத்ததில்லை என்று கமா நினைத்துக்கொண்டார்.

கைகுலுக்கச் சொன்னார்கள், இருவரும் குலுக்கினார்கள். சிரிக்கச் சொன்னார்கள், பெரியப்பாவுக்குச் சிரிப்பு நிஜமாகவே வந்துவிட்டது, நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகைப்படக்காரர்கள் அது உருக்கம் என்று எடுத்துத் தள்ளினார்கள். எடுத்து முடித்ததும் எல்லோரும் உச்சி மாநாட்டுக்கு ஓடினார்கள். ஒரே ஒரு அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்தபடி, பின்தங்கினார். கமா அவரை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவை ஒருக்களித்தார்.

இடுக்கு வழியாகப் பார்த்தார். பெரியப்பா களைத்துத் தூங்கிவிட்டிருந்தார். அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அண்ணனின் காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

“நேரம் ஆச்சு” என்றார் அதிகாரி.

“பேச்சுவார்த்தை நடக்குது சார்” என்றார் கமா.

அதிகாரி கதவில் காதை வைத்துக் கேட்டார். “உள்ள ஒரு சத்தமும் இல்லையே?”

“அதான் சார்” என்று கமா அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வெயில் படாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். “இப்பதான் ரொம்ப முக்கியமான கட்டத்துல இருக்கு.”